கணிதப் பட்டப்படிப்பு: மாணவர் கற்றதை அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. பி.எஸ்சி. கணிதத்தில் அகமதிப்பீட்டுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75 என்பது இங்கே பழகிய கணக்கு. அந்த 25 வகுப்பாசிரியர் கையில் இருக்கிறது. அதைத்தான் நாம் வீணாக்கிவிடுகிறோம்.

பெரிய தவறு, கேள்வி வங்கியில் உள்ள தேற்றத்தையே திரும்பத் திரும்பக் கேட்பது. ‘லெக்ராஞ்சி தேற்றத்தை எழுதி நிறுவுக’ என்றால் வரி பிசகாமல் எழுதிவிடுவார்கள். (முடிவுள்ள ஒரு குலத்தின், அதாவது குரூப்பின், உறுப்பு எண்ணிக்கையை அதன் உட்குலத்தின் உறுப்பு எண்ணிக்கை மீதியின்றி வகுக்கும் என்பதே அந்தத் தேற்றம்.) அப்படி எழுதிய ஒரு மாணவியிடம், 12 உறுப்புகள் கொண்ட குலத்தில் 5 உறுப்புள்ள உட்குலம் இருக்க முடியுமா என்று கேளுங்கள். 12-ஐ 5 வகுக்காது, அதனால் முடியாது என்று சொன்னால் தேற்றம் கைவந்திருக்கிறது. சரி, 6 உறுப்புள்ளது இருந்தே ஆகவேண்டுமா? இல்லை. நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்களால் ஆன குலத்தில் 12 உறுப்புகள் உண்டு, 6 உறுப்புள்ள உட்குலம் கிடையாது. தேற்றத்தின் மறுதலை, அதாவது வகுக்கும் எண் ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்குலம் இருக்கும் என்பது, பொய் என்பதைப் புரிந்தவர் யார், மனப்பாடம் செய்தவர் யார் என்று இந்த இரண்டு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

மெய்ப் பகுப்பாய்விலும் இப்படித்தான். தொடர்ச்சிக்கு வரையறை கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஓர் எண்ணை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டும் சார்பைக் கொடுத்து, எப்சிலான் (சார்பின் மதிப்பில் அனுமதிக்கும் விலகல்) 0.03 என்றால் எந்த டெல்டா (உள்ளிடும் எண்ணில் அனுமதிக்கும் விலகல்) போதும் என்று கேளுங்கள். 0.01 என்று வந்தால் நிம்மதி.

வினாத்தாளில் கேள்விக்குப் பக்கத்தில் கே4 (ப்ளூம் வகைப்பாட்டில் ‘ஆராய்தல்’ நிலையின் குறியீடு) என்று போடுவதால் மட்டும் அது ஆராயும் கேள்வி ஆகிவிடாது. மொத்த மதிப்பெண்ணின் சராசரியைப் பாடவிளைவாக, அதாவது அந்தப் பாடத்தில் மாணவர் அடைந்த திறனாக, காட்டுவதும் தவறு. எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தடுக்கினார்கள் என்று பார்த்தால்தான் எதை மறுபடி நடத்துவது என்று தெரியும். அசைன்மென்ட்டுக்கு எல்லோருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தால் ஒரே நோட்டு வகுப்பு முழுக்கச் சுற்றும்.

அப்புறம் மொழி. பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கமிருந்து தமிழ்வழியில் படித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களும் உண்டு. ஆங்கில வாக்கியம் உடைந்தால் கணிதமே தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கரும்பலகைக்கு அழைத்து, தெரிந்த மொழியில் ஐந்து நிமிடம் விளக்கச் சொல்லுங்கள்.

திருத்திய தாளை செமஸ்டர் முடிகிற நேரத்தில் கொடுத்தால் பயனில்லை. நிரூபணம் எந்த வரியில் உடைந்தது என்று குறித்து, அடுத்த அலகு தொடங்கும் முன்பே கொடுங்கள். அந்த வரியைத் திருத்தி எழுதி வருகிறவருக்கு மதிப்பெண்ணும் கொடுங்கள்.