கன உலோகம் கலந்த மண்ணில் நுண்ணுயிர்களின் மூச்சை அளப்பது எப்படி?

காட்மியம், ஈயம், செம்பு, துத்தநாகம் ஆகியவை மண்ணில் எவ்வளவு இருக்கின்றன என்பதை ஆய்வறிக்கை சொல்லிவிடும். நுண்ணுயிர்கள் என்ன பாடுபடுகின்றன என்பதை அது சொல்லாது. அமில மண்ணில் உலோகம் எளிதில் கரைந்து அவற்றை எட்டுகிறது. களியும் மட்கும் மிகுந்த மண்ணிலோ அதே அளவு உலோகம் பெரும்பாலும் பிடிபட்டுக் கிடக்கிறது. ஆகவே நுண்ணுயிர்கள் வெளிவிடும் கரியமில வாயுவையே அளந்து பார்க்க வேண்டும்.

மாசுபட்ட மண்ணையும், அதே மண்வகையும் அமில கார நிலையும் கொண்ட மாசற்ற மண்ணையும் மேல் 15 செ.மீ. ஆழத்துக்குள் எடுங்கள். இந்தத் தேர்வில் சறுக்கினால் பின்னர் செய்யும் எதுவும் பயன்படாது. மணற்பாங்கான மண்ணைக் களிமண்ணோடு ஒப்பிட்டுவிட்டு உலோகத்தின் மீது பழி போடுபவர்கள் உண்டு. 2 மி.மீ. சல்லடையில் சலித்து, நீர் கொள்திறனில் பாதியளவு ஈரத்தில், 25 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் வையுங்கள். கிளறப்பட்ட மண் முதல் சில நாட்கள் மிகையாக மூச்சுவிடும், அது அடங்கட்டும்.

பின்னர் 50 கிராம் மண்ணைக் காற்றுப்புகாத சாடியில் இட்டு, கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 10 மி.லி. கொண்ட சிறு குப்பியை உள்ளே வைத்து மூடுங்கள். இதேபோல் குப்பி வைத்த, மண் இல்லாத வெற்றுச் சாடி ஒன்றும் வேண்டும். ஏழு நாட்களுக்குப் பின் குப்பியில் பேரியம் குளோரைடு கரைசலை (நஞ்சு, கையுறை அவசியம்) மிகுதியாகச் சேர்த்தால் பேரியம் கார்பனேட் பால்போல் வெண்மையாகப் படியும். பினாப்தலீன் என்னும் நிறங்காட்டி சில துளிகள் விட்டு, 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் இளஞ்சிவப்பு மறையும்வரை தரம்பாருங்கள், அதாவது அமிலத்தைத் துளித்துளியாக விட்டு எவ்வளவு செலவானது என்று அளந்துகொள்ளுங்கள். அமிலத்தை அவசரமாக ஊற்றினால் வெண்படிவும் கரைந்து கணக்கு கெடும். வெற்றுச் சாடிக்குச் செலவானதைவிடக் குறைந்த ஒவ்வொரு மி.லி. அமிலமும் 11 மி.கி. கரியமில வாயுவைக் குறிக்கும்.

மூச்சு குறையவில்லை என்பதற்காக மண் நலமாக இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. இங்கிலாந்தின் வோபர்னில் 1942 முதல் 1961 வரை உலோகம் கலந்த கழிவுநீர்ச் சேறு இடப்பட்ட வயலில், இருபது ஆண்டுகள் கழித்தும் நுண்ணுயிர்த் திரள் (உயிருள்ள நுண்ணுயிர்களின் மொத்த அளவு) தொழுவுரம் பெற்ற மண்ணில் இருந்ததில் ஏறக்குறைய பாதியே இருந்தது. எஞ்சியவையோ உயிர்பிழைக்கவே கூடுதல் கரிமத்தை எரித்தன. எனவே குளோரோஃபார்ம் புகையூட்டல் முறையில் (ஆவியால் நுண்ணுயிர்களைக் கொன்று, அவற்றிலிருந்து வெளிப்படும் கரிமத்தை அளக்கும் முறை) திரளையும் அளந்து, மூச்சை அதனால் வகுத்துப் பாருங்கள்.

நுண்ணுயிர்களின் மூச்சோடு தொடர்புடைய டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதியை அளக்கும் சோதனையும் உண்டு. ஆனால் செம்பு மிகுந்த மண்ணில், சோதனையில் உருவாகும் சிவப்புச் சாயத்தைச் செம்பே குலைத்துவிடுவதால், நொதி உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அங்கே அதைத் தவிர்ப்பதே நல்லது.