வண்டிய திருடன் தூக்காம பாத்துக்கறது எப்படி, தூக்கிட்டா என்ன பண்றது

என் பைக்க தூக்கினது 2021ல, வேற எங்கயும் இல்ல வீட்டு வாசல்லயே, சைடு லாக் போட்டுத்தான் வச்சிருந்தேன். காலைல பால் வாங்க வெளிய வந்தா வண்டி நின்ன எடத்துல ஆயில் சொட்டின கறை மட்டும் இருக்கு. அதுக்கப்புறம் நாலு மாசம் ஸ்டேஷன், இன்சூரன்ஸ், கோர்ட்டுனு அலைஞ்சு கத்துக்கிட்டதையும், அந்த கடுப்புல படிச்சு தெரிஞ்சுக்கிட்டதையும் சேத்து எழுதறேன். கார் வச்சிருக்கவங்களுக்கும் இருக்கு, பொறுமையா படிங்க.

மொதல்ல ஒண்ணு. சைடு லாக்க நம்பாதீங்க. அது உள்ள இருக்கறது ஒரு சின்ன கம்பி, ஹேண்டில் பார காலால ஒரு ஒதை விட்டா ஒடஞ்சிரும், சத்தம் கூட பெருசா வராது. சாவி போடற எடத்துல வயர பிடுங்கி ஸ்டார்ட் பண்றது பழைய வித்தை. அதனால போடுங்க, ஆனா அது மட்டும் போதும்னு தூங்கப் போகாதீங்க. டிஸ்க் பிரேக் வண்டியா இருந்தா அலாரம் வச்ச டிஸ்க் லாக் ஒண்ணு வாங்குங்க, சில நூறு ரூபாலேயே கெடைக்குது, அசைச்சாலே கத்தும். வாங்கும்போது ஹேண்டில்ல மாட்டற ஞாபகக் கயிறும் சேத்து வாங்கிடுங்க, இல்லனா ஒரு நாள் அவசரத்துல லாக்கோட கிளம்பி கீழ விழுவீங்க, நான் விழுந்திருக்கேன். வீட்ல கேட்டோ ஜன்னல் கிரில்லோ இருந்தா தடியான செயின வீல் வழியா விட்டு அதோட சேத்து பூட்டுங்க. வெறும் வீல்ல மட்டும் செயின் சுத்தி பூட்டினா ரெண்டு பேர் தூக்கி லோடு வண்டில ஏத்திட்டு போயிடுவான், பூட்ட அப்புறமா நிதானமா அறுத்துக்குவான்.

கார்புரேட்டர் வண்டினா ராத்திரி பெட்ரோல் டேப்ப ஆஃப் பண்ணுங்க. அதுல எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஆனா கார்புரேட்டர் கிண்ணத்துல மிச்சம் இருக்கற பெட்ரோல்ல கொஞ்ச தூரம் ஓடி நடுரோட்ல நின்னுரும். திருடன் அங்க நின்னு டேப் எங்கன்னு யோசிச்சு சரி பண்ணலாம்தான், ஆனா பாதி பேர் பயந்து விட்டுட்டு ஓடிடுவான். ஊருக்கு போறீங்க, நாலு நாள் வண்டி சும்மா நிக்கும்னா ஸ்பார்க் பிளக் கேப்ப கழட்டிட்டு போங்க. இதுக்கெல்லாம் காசே ஆகாது.

வண்டி போறது பூட்டு ஒடைச்சு மட்டும் இல்லங்க, சாவி வண்டிலயே இருக்கும்போதும்தான். கடைல ஒரு நிமிஷம்னு எஞ்சின் ஓடவிட்டு எறங்கறது, கார்ல ஏசி போட்டு குழந்தைய உள்ள ஒக்கார வச்சிட்டு பழம் வாங்க போறது. தயவு செஞ்சு பண்ணாதீங்க. அப்புறம் வண்டிய விக்க விளம்பரம் போட்டா ஒருத்தன் வருவான், டீசன்டா பேசுவான், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன்னு போவான், அவ்ளோதான். அவன் வந்த வண்டி, அவன் ஐடி ரெண்டுல ஒண்ணாவது கைல இல்லாம சாவி கொடுக்காதீங்க, பின்னாடி ஏறி ஒக்காருங்க, கூச்சப்படாதீங்க.

ரயில்வே ஸ்டேஷன் பார்க்கிங்ல விட்டா டோக்கன வண்டி பவுச்சுல சொருகிட்டு போற ஆளுங்க இன்னும் இருக்காங்க. டோக்கன் இருந்தா அவன் ராஜா மாதிரி ஓட்டிட்டு வெளிய போவான். டோக்கன் பின்னாடி 'உரிமையாளர் பொறுப்பு'னு போட்டிருக்கும், அத பாத்து நிறைய பேர் சண்டையே போடாம வந்துடறாங்க. 1998ல டெல்லில தாஜ் மஹால் ஹோட்டல்ல சாவிய வாலேகிட்ட (வண்டிய வாங்கி பார்க் பண்ற ஹோட்டல் ஆள்) கொடுத்த ஒருத்தரோட மாருதி ஜென் காணாம போச்சு. அந்த கேஸ் 2019ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், அப்படி எழுதி வச்சுட்டா மட்டும் ஹோட்டல் தன் கவனக்குறைவுல இருந்து தப்பிச்சுக்க முடியாதுனு தீர்ப்பு வந்துது. 21 வருஷம் ஆச்சுங்கறது வேற விஷயம். ரோட்டோர பார்க்கிங் எல்லாத்துக்கும் இது அப்படியே பொருந்தும்னு சொல்லல, ஆனா சாவிய வாங்கி வச்சுக்கறவங்களுக்கு பொறுப்பு உண்டு, ரசீத தூக்கி போடாதீங்க.

இப்ப கார். இம்மொபிலைசர் என்னன்னு புரிஞ்சா மத்தது ஈஸி. சாவி தலைல ஒரு குட்டி சிப் இருக்கும், சாவி போடற எடத்த சுத்தி ஒரு காயில், ரெண்டும் பேசி நம்பர் ஒத்துப்போனாதான் எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும். ரோட்டோரத்துல வெட்டின டூப்ளிகேட் சாவி கதவ தெறக்கும், ஸ்டார்ட் ஆகாது. இது எவ்ளோ பெரிய விஷயம்னா அமெரிக்கால 2015 மாடல் ஹூண்டாய், கியா கார்கள்ல 26% மாடல்லதான் இம்மொபிலைசர் கம்பெனிலயே வந்துச்சு, மத்த கம்பெனில 96%. விளைவு என்னாச்சு, 2021, 22ல டிக்டாக் பாத்துட்டு ஸ்கூல் பசங்க எல்லாம் அந்த கார்கள எடுத்துட்டு சுத்துனாங்க, சில இன்சூரன்ஸ் கம்பெனி அந்த மாடலுக்கு பாலிசியே தர மாட்டேன்னு சொல்லிருச்சு. நம்ம ஊர்லயும் உங்க கார்ல இருக்கான்னு ஓனர்ஸ் மேனுவல்ல பாருங்க. பைக்ல பெரும்பாலும் கிடையாது, பைக் சுலபமா போறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டன் ஸ்டார்ட் கார் வச்சிருக்கவங்க அதவிட பாதுகாப்புனு நெனைப்பாங்க, எனக்கு அப்படி தோணல. அந்த சாவி பாக்கெட்ல இருந்தபடியே கார்கிட்ட பேசுது இல்ல, அதுதான் ஓட்டை. ஒருத்தன் வீட்டு கதவுகிட்ட ஒரு கருவிய வச்சு நிப்பான், இன்னொருத்தன் காருக்கு பக்கத்துல, உள்ள டேபிள் மேல கெடக்கற சாவியோட சிக்னல நீட்டி கார் வரைக்கும் கொண்டு போயிடுவாங்க, காருக்கு ஓனரே வந்து நிக்கற மாதிரி தெரியும். இதுக்கு மருந்து சிம்பிள். சிக்னல் வெளிய போகாத பவுச் கிடைக்குது, அதுல போட்டு வைங்க, இல்ல பழைய பிஸ்கட் டின்னு. ஆனா டெஸ்ட் பண்ணுங்க, சாவிய உள்ள போட்டு மூடி கார் கதவுகிட்ட போய் ஹேண்டில இழுங்க, தெறந்தா அந்த பவுச்ச குப்பைல போடுங்க. கொஞ்ச நாள் ஆனா பவுச்சோட மடிப்பு கிழிஞ்சு வேலை செய்யாது, அப்பப்ப பாத்துக்கோங்க. சில கார்ல கீலெஸ் வசதியவே செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணலாம், ஸ்பேர் சாவியையும் மறந்துடாதீங்க, அதுவும்தான் பேசிட்டு இருக்கும்.

பவுச் வச்சாலும் தப்பிக்க முடியாத திருட்டும் வந்துருச்சு. 2022ல லண்டன்ல கார் செக்யூரிட்டி ஆராய்ச்சி பண்ற ஒருத்தரோட டொயோட்டா ரேவ்4 காரையே தூக்கிட்டாங்க, என்ன கொழுப்பு பாருங்க. அவர் விடாம தோண்டினதுல வெளிய வந்தது, ஹெட்லைட் பக்கத்து வயரிங்ல பூந்து, பாக்க ப்ளூடூத் ஸ்பீக்கர் மாதிரி இருக்கற ஒரு டப்பாவ மாட்டி 'சரியான சாவி வந்தாச்சு'னு காருக்கே பொய் சொல்ல வச்சிருக்காங்க. சாவியே தேவைப்படல. அதனாலதான் நான் எல்லாருக்கும் சொல்றது, எலக்ட்ரானிக் எவ்ளோ இருந்தாலும் கண்ணுக்கு தெரியற மாதிரி ஒரு இரும்ப மாட்டுங்க. ஸ்டியரிங் ராடு, கியர் லாக். ஸ்டியரிங் வளையத்த அறுத்து ராட எடுக்க முடியும், ஒத்துக்கறேன், ஆனா அறுக்க நேரம் ஆகும் சத்தம் வரும், பக்கத்துலயே ராடு இல்லாத கார் நிக்கும்போது அவனுக்கு என்ன தலையெழுத்தா. வார கணக்குல கார் நிக்கப் போகுதுன்னா ஃபியூல் பம்ப் ஃபியூஸ கழட்டி வீட்ல வச்சுக்கோங்க. மெக்கானிக்கிட்ட மறைவா சுவிட்ச் வைக்கறதும் நல்ல ஐடியாதான், ஆனா வாரண்டில இருக்கற கார்ல வயர வெட்ட விடாதீங்க.

ஜிபிஎஸ் பத்தி எல்லாரும் கேப்பாங்க. வைங்க, ஆனா அது திருட்ட தடுக்காது, போன எடத்த காட்டும், அவ்ளோதான். டேஷ்போர்டுக்கு கீழ மாட்டாதீங்க, அவன் மொதல்ல கை விடற எடமே அதுதான். உள்ள இருக்கற சிம்முக்கு ரீசார்ஜ் முடிஞ்சிருச்சான்னு பாருங்க, மூணு வருஷமா சார்ஜே கட்டாம ஜிபிஎஸ் இருக்குனு நம்பிட்டு இருந்த ஒரு சொந்தக்காரர எனக்கு தெரியும். ஏர்டேக் மாதிரி எடத்த காட்டற குட்டி டேக் போட்டா அது திருடன் ஃபோனுக்கே 'உன்கூட ஒரு டேக் வருது'னு சொல்லிக் கொடுத்துரும், ஆளுங்கள வேவு பாக்கறத தடுக்க அப்படி வச்சிருக்காங்க. எடம் தெரிஞ்சா நேரா நீங்களே போய் மீட்க கிளம்பாதீங்க, லொகேஷன போலீஸ்கிட்ட காட்டுங்க.

'ரெண்டு பேர் கைய வெட்டினா எல்லாம் சரியாயிடும்'னு என் மாமா சொல்வார். வண்டி போன அன்னிக்கு நானும் அப்படித்தான் கத்தினேன். ஆனா பாருங்க, இங்கிலாந்துல 1832 வரைக்கும் குதிரை திருடினா தூக்குனு சட்டம், அப்பவும் குதிரை திருட்டு நிக்கவே இல்ல, மாட்டினவங்கள்லயும் நிறைய பேர் தண்டனைய மாத்தி ஆஸ்திரேலியாவுக்கு கப்பல்ல ஏத்திட்டாங்க. குதிரைதான் அந்த காலத்து கார். நம்ம ஊர்ல பழைய ஐபிசி 379க்கு பதிலா இப்ப பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த புது குற்றச் சட்டம்) 303(2), 3 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டாவது தடவ தண்டனை ஆனா குறைஞ்சது 1 வருஷம், 5 வருஷம் வரைக்கும் போகலாம். சரக்கோ ஆளுங்களையோ ஏத்தற வண்டிய திருடினா 305ல 7 வருஷம் வரைக்கும் இருக்கு. திரும்ப திரும்ப பண்றவன குண்டாஸ்ல போட்டா 12 மாசம் வரைக்கும் உள்ள. இதெல்லாம் வண்டி தூக்கறவன் படிச்சிட்டா வர்றான்? அவன் பாக்கறது ரெண்டே விஷயம், எவ்ளோ நேரம் ஆகும், யாராவது பாப்பாங்களா. 1764லயே பெக்காரியானு ஒரு இத்தாலிக்காரர் தண்டனை எவ்ளோ கொடூரம்ங்கறத விட மாட்டுவோம்ங்கற நிச்சயம்தான் பயமுறுத்தும்னு எழுதிட்டார், இன்னிக்கு ஆராய்ச்சி பண்றவங்களும் பெரும்பாலும் அதயேதான் சொல்றாங்க. இன்னொரு பக்கம், ஐரோப்பால 1998ல இருந்து புது கார்ல இம்மொபிலைசர் கட்டாயம்னு ஆக்கினாங்க, நெதர்லாந்துல கணக்கு போட்டு பாத்ததுல 1995ல இருந்து 2008க்குள்ள அதனால கார் திருட்டு சராசரியா 40% குறைஞ்சிருக்கு. ஒரு குட்டி சிப்பு பண்ண வேலை. தண்டனையே வேணாம்னு சொல்லல, பத்து வண்டி எடுத்த கைய ஒரு வருஷம் உள்ள வச்சா அந்த வருஷம் அந்த தெரு நிம்மதியா இருக்கும். ஆனா என் வண்டிக்கு சட்டத்த விட செயின்தான் பக்கத்துல இருக்கு.

சரி, எல்லாம் பண்ணியும் போயிடுச்சா? மொதல்ல அக்கம்பக்கம் பாருங்க, டிராஃபிக் போலீஸ் இழுத்துட்டு போயிருக்கலாம், லோன் வண்டினா தவணை பாக்கிக்கு பைனான்ஸ்காரன் எடுத்திருக்கலாம். இல்லனா 100க்கோ 112க்கோ கூப்பிட்டு உடனே சொல்லுங்க, அன்னிக்கே ஸ்டேஷன் போங்க. அங்க 'தேடிப் பாக்கறோம்'னு சிஎஸ்ஆர் ரசீது (புகார வாங்கிக்கிட்டோம்ங்கறதுக்கான சீட்டு மட்டும்) கொடுத்து அனுப்புவாங்க, எனக்கு அப்படித்தான் கொடுத்தாங்க, எஃப்ஐஆர் வாங்க நாலு நாள் நடந்தேன். சிஎஸ்ஆர் இன்சூரன்ஸுக்கு பத்தாது, எஃப்ஐஆர் வேணும்னு தெளிவா கேளுங்க. உங்க எல்லை இது இல்லனு சொன்னா ஜீரோ எஃப்ஐஆர் போடலாம், அதாவது எந்த ஸ்டேஷன்லயும் பதியற எஃப்ஐஆர், இப்ப பிஎன்எஸ்எஸ் (சிஆர்பிசிக்கு பதிலா வந்த புது நடைமுறைச் சட்டம்) 173லயே அது இருக்கு. எஃப்ஐஆர் உங்க பாதுகாப்புக்கும்தான், உங்க வண்டிய வச்சு அவன் செயின் பறிச்சா மொதல்ல உங்க வீட்டுக்குத்தான் வருவாங்க.

அதே நாள்ல இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மெயில் அனுப்பிடுங்க. எஃப்ஐஆர உடனே போட்டுட்டு கம்பெனிக்கு லேட்டா சொன்னீங்கனா அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் க்ளெய்ம தள்ள முடியாதுனு சுப்ரீம் கோர்ட் 2020ல சொல்லிருக்கு, ஆனா எதுக்கு வம்பு. ரெண்டு சாவியும் கேப்பாங்க, ஒண்ணு இல்லனா ஆயிரம் கேள்வி வரும், அதனால ரெண்டாவது சாவிய இன்னிக்கே தேடி எடுத்து வைங்க. கண்டுபிடிக்க முடியலனு போலீஸ் கொடுக்கற சர்டிபிகேட் வர்ற வரைக்கும் காசு வராது, லோன் இருந்தா மொதல்ல பேங்குக்குத்தான் போகும். வர்ற காசும் நீங்க வாங்கின விலை இல்ல, ஐடிவி, அதாவது பாலிசில வண்டிக்குனு போட்டிருக்கற மதிப்பு. ஒரு வருஷம் தாண்டி ரெண்டு வருஷத்துக்குள்ளனா 20% கழிவு, நாலு தாண்டி அஞ்சுக்குள்ளனா 50%.

நான் ஏமாந்தது இங்கதான். 2018 செப்டம்பர்ல இருந்து புது பைக் வாங்கினா 5 வருஷம் தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கு) சேத்தே கட்ட வைப்பாங்க, ஆனா அதோட வர்ற சொந்த சேத பாலிசி (நம்ம வண்டி சேதம், திருட்டுக்கு) பெரும்பாலும் ஒரே வருஷம்தான். நான் 2019ல வாங்கினேன், பேப்பர்ல 2024னு போட்டிருந்துச்சு, அது வரைக்கும் எல்லாம் இருக்குனு நெனச்சுட்டேன். திருட்டுக்கு தேர்ட் பார்ட்டில ஒரு பைசா கிடையாது. இப்பவே உங்க பாலிசிய எடுத்து ரெண்டு தேதியையும் பாருங்க. கார்ல ஏஆர்ஏஐ (வண்டிகள சோதிச்சு சான்று தர்ற அமைப்பு) அங்கீகாரம் உள்ள திருட்டு தடுப்பு கருவி மாட்டினா பிரீமியத்துல 2.5%, அதிகபட்சம் 500 ரூபா தள்ளுபடி இருக்கு, பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா கேளுங்க.

என் வண்டி எப்படி கெடச்சுது தெரியுமா, மூணாவது மாசம் ஃபோனுக்கு ஒரு அபராத எஸ்எம்எஸ், ஹெல்மெட் போடலைனு, வேற மாவட்டத்துல. திருடன் நம்பர் பிளேட் கூட மாத்தல. அத ஸ்டேஷன்ல காட்டினதும்தான் வேலை நடந்துச்சு. அதனால வண்டி போனா அந்த ஃபோன் நம்பர மாத்தாதீங்க, ஆன்லைன்ல சலான் வந்திருக்கானு வாரம் ஒரு தடவ பாருங்க, கார்னா ஃபாஸ்டேக்க உடனே பிளாக் பண்ணாம போலீஸ கேட்டுட்டு பண்ணுங்க, எந்த டோல்ல காசு கழியுதுனு தெரியும். கெடச்சதும் நேரா ஓட்டிட்டு வர முடியாது, கோர்ட்ல மனு போட்டு எடுக்கணும், முன்னாடி சிஆர்பிசி 451, 457னு சொல்வாங்க, இப்ப பிஎன்எஸ்எஸ் 497, 503. சீக்கிரம் போடுங்க, ஸ்டேஷன் பின்னாடி வெயில்லயும் மழைலயும் நின்னா டயர், பேட்டரி எல்லாம் போயிடும்.

கடைசியா, செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்களுக்கு. திருட்டு வண்டிய வாங்குறதுக்கு ஆள் இருக்கறதாலதான் திருடறான், தெரிஞ்சு வாங்கினா உங்க மேலயும் கேஸ் வரும். என்சிஆர்பியோட (தேசிய குற்ற ஆவணக் காப்பகம்) வாகன் சமன்வய்ங்கற இணையப் பக்கத்துல நம்பர போட்டா திருட்டு லிஸ்ட்ல இருக்கான்னு காட்டும், எம்பரிவாகன் ஆப்ல ஆர்சிய பாருங்க, அப்புறம் டார்ச் அடிச்சு சேசிஸ் நம்பர நீங்களே ஒவ்வொரு எழுத்தா படிச்சு புக்கோட ஒத்துப் பாருங்க. நம்பர் இருக்கற எடத்துல மட்டும் பெயிண்ட் புதுசா மினுக்குதுனா, கொடுத்த டீய குடிச்சிட்டு அட்வான்ஸ் கொடுக்காம கிளம்பிடுங்க.