பிரான்சில் இருப்பவரின் புதுச்சேரி வீடு: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முத்தியால்பேட்டையிலோ வைசியாள் வீதியிலோ ஒரு பழைய வீடு விலைக்கு வந்தால், "ஓனர் பிரான்ஸ்ல இருக்காங்க, ஒரு சிக்கலும் இல்ல" என்பார் தரகர். அப்படிப்பட்ட வீட்டை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல வீடுகள் பல அப்படித்தான் விலைக்கு வருகின்றன. ஆனால் இந்த ஊர்ச் சொத்துகள் பலவற்றின் பின்னால் இந்தியாவும் பிரான்சும் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. அதைப் பார்க்காமல், வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடுவதுதான் முதல் தவறு.

1954 நவம்பர் 1-ஆம் தேதியோடு எல்லாம் மாறிவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். அதற்கு முன், அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு இணைப்பு வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. நிர்வாகம் மட்டும்தான். உரிமையை மாற்றித் தரும் உடன்படிக்கை 1956 மே 28-இல் கையெழுத்தானது. அல்ஜீரியப் போர் முடிகிற வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. 1962 ஆகஸ்ட் 16-இல்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடையது ஆனது. இடைப்பட்ட காலத்தில், மஸ்தான் சாகிப் வழக்கில் உச்ச நீதிமன்றமே புதுச்சேரி இன்னும் இந்திய ஆட்சிப் பகுதி அல்ல என்று சொல்லியிருக்கிறது. குடியரசாகிச் சில ஆண்டுகளே ஆன ஒரு நாடு, படையை அனுப்பாமல் கையெழுத்துக்காக அத்தனை வருடம் பொறுத்திருந்தது. எனக்கு அதில் பெருமை உண்டு.

அந்தப் பொறுமையால் பழைய பிரெஞ்சுச் சட்டங்கள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. 1963-லும் 1968-லும்தான் இந்தியச் சட்டங்கள் பெருமளவில் இங்கே நீட்டிக்கப்பட்டன. அதற்கு முந்தைய மூலப்பத்திரம் பெரும்பாலும் நொத்தேர் (பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் பிரெஞ்சு முறை அதிகாரி) முன்னிலையில் பிரெஞ்சில் எழுதப்பட்டதாக இருக்கும். அதன் தமிழ்ச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். மகனுக்குத் தானம் எழுதிவிட்டு, ஆயுள் முழுக்க அனுபவிக்கும் உரிமையைத் தாய்க்கு வைத்திருக்கும் வரி நடுப்பக்கத்தில் எங்கேயாவது இருக்கலாம். முழுப் பத்திரத்தையும் மொழிபெயர்த்து வாங்குங்கள். அந்தச் செலவு வீட்டு விலையில் ஒரு துளி.

அடுத்தது குடியுரிமை. இதில்தான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் 1962 ஆகஸ்ட் 16-இல் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொன்னது. அதனால் ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆன குடும்பங்கள் உண்டு. சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் வீடுகளில் இது சர்வசாதாரணம். ஆகவே "குடும்பமே பிரெஞ்சுதான்" என்ற பேச்சை நம்பிக் கையெழுத்துப் பட்டியல் போடாதீர்கள். ஒவ்வொரு வாரிசின் பாஸ்போர்ட்டையும் பிறப்புப் பதிவையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றாலே இங்கே சொத்து வாங்க முடியாது என்பதும் தவறு. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் ஓசிஐ அட்டைக்கு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) விண்ணப்பிக்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு இது பெரிய வாசல். அந்த அட்டை இருந்தால் வீடும் கடையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. ஏற்கெனவே வைத்திருக்கும் வயலை விற்பதானால், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். பாகூர் பக்கம் வயலை வாங்கிப் பிறகு மனையாக்கலாம் என்று பாரிசிலிருந்து பணம் அனுப்பி, இங்கே இருக்கும் மச்சான் பெயரில் பத்திரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அன்னியச் செலாவணிச் சட்டமும் பினாமிச் சட்டமும் சேர்ந்து பிடிக்கும், மச்சான் உறவும் போகும்.

வாரிசு விஷயத்தில் தமிழ்நாட்டு வழக்கத்தை அப்படியே இங்கே பொருத்துவது இன்னொரு தவறு. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல்தான் இங்கே வந்தது. அதற்கு முன் புதுச்சேரி இந்துக்களின் வழக்கில், பிறந்ததுமே மகனுக்குப் பூர்விகச் சொத்தில் பங்கு வந்துவிடாது. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்த ரெனோன்சான்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் இன்றும் பொருந்தாது. தாத்தா எந்த ஆண்டில் இறந்தார், ரெனோன்சானா இல்லையா என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் கிடைக்காமல் வாரிசுப் பட்டியலை ஏற்காதீர்கள்.

எல்லையையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம். இன்னும் போனால் காலாப்பட்டு, மறுபடி புதுச்சேரி. "பாண்டி மனை" என்று விளம்பரம் செய்வார்கள், பதிவும் மனை அங்கீகாரமும் தமிழ்நாட்டில் இருக்கும். அளவுக் கணக்கும் மாறும்: புதுச்சேரியில் ஒரு குழி 576 சதுர அடி, தஞ்சைப் பக்கம் 144.

அப்புறம் பவர். பிரான்சில் எழுதும் பவர் பத்திரத்துக்கு அங்கேயே அப்போஸ்டில் முத்திரை (பத்திரம் வெளிநாட்டிலும் ஏற்கப்படுவதற்கான சான்று) வாங்கலாம், அல்லது இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திடலாம். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவரை மட்டும் வைத்துக்கொண்டு வீடு உங்களுடையது என்று இருந்துவிட முடியாது, 2011-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கிரயப் பத்திரம் பதிவாகியே தீர வேண்டும். பணம் கொடுக்கும்போதும் கவனம்: விலை 50 லட்சத்துக்கு மேல் போனால் வாங்குபவர் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்துக் கட்டும் விதி உள்ளூர் விற்பனையாளருக்கானது. விற்பவர் வெளிநாட்டில் வசித்தால் அந்த வரம்பே கிடையாது, பிடித்தமும் பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழை, அட்வான்ஸ் வாங்கிய கையோடு விற்பவரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.