போராட்டப் பாடகரை மேடைக்கு அழைக்கும் முன் என்னென்ன விசாரிக்க வேண்டும்

எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை விடிய விடிய கலை இரவு நடக்கும். யாரை அழைப்பது என்று முடிவு செய்யும் குழுவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். "அவர் பாடுறது ஒண்ணு, செய்றது ஒண்ணு" என்று யாரைப் பற்றியாவது பேச்சு வராத வருடமே இல்லை. அதை எப்படி விசாரிப்பது என்று குழுவுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் பாட்டைக் கேளுங்கள். அது யாரைக் குற்றம் சொல்கிறது, என்ன கேட்கிறது என்று ஒரு தாளில் இரண்டே வரி எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாடகரின் போன், அவர் வந்திறங்கிய கார் என்று பேச்சு எங்கெங்கோ போய்விடும். அமெரிக்க ராக் இசைக்குழுவான ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் 1992-ல் போலீஸின் இனவெறியை எதிர்த்துப் பாடிய பாட்டு சோனி என்ற பெரிய கம்பெனியின் கீழிருந்த நிறுவனம் மூலம்தான் வெளிவந்தது. அதை வைத்து அவர்களைப் போலி என்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். பாட்டு கேட்டது வேறு. 2009-ல் அந்தப் பாட்டு பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வாரம் முதலிடம் பிடித்தபோது, வருமானத்தை வீடற்றோருக்கான ஷெல்டர் அமைப்புக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஜூனில் லண்டன் வந்து இலவசமாக வாசித்தார்கள்.

அயர்லாந்தின் யூ2 ராக் குழு விஷயம் அப்படியல்ல. ஏழை நாடுகளுக்கான உதவியை அரசுகள் உயர்த்த வேண்டும் என்று அதன் பாடகர் போனோ ஊர் ஊராகப் பேசினார். அயர்லாந்து அரசு கலைஞர்களின் வரிவிலக்குக்கு 2,50,000 யூரோ என வரம்பு கட்டியபோது, 2006-ல் அவர்கள் பாடல் உரிமை வியாபாரத்தை நெதர்லாந்துக்கு மாற்றினார்கள். சட்டப்படி தவறில்லை. ஆனால் அரசு கொடுக்கும் உதவி வரிப்பணத்திலிருந்துதானே போக வேண்டும்? 2011-ல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் அவர்கள் பாடும்போது பலூன் தூக்கி வரி எங்கே என்று கேட்டவர்கள் கேட்டது நியாயம்.

அடுத்து, பாட்டு யாருக்காகவோ, அவர்களிடம் பேசுங்கள். கொடைக்கானல் பாதரசத்தைப் பற்றி 2015-ல் சென்னை ராப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் பாடியபோது, அங்கே யூனிலீவர் கம்பெனி மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் தொழிலாளர்கள் பல வருடமாகக் கேட்டுவந்த இழப்பீட்டைத்தான் அந்தப் பாட்டும் கேட்டது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனிக்கு ஒப்பந்தம் ஆனது. பாட்டால் மட்டும் நடந்ததில்லை. ஆனாலும் களத்தில் இருப்பவர்களோடு சேர்ந்து நின்ற பாட்டு அது.

கடைசியாக, கூட வருபவர்களின் சம்பளம். இதை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். ஒரு வருடம் கூலி உயர்வு பற்றிப் பாடும் ஒருவரை அழைத்திருந்தோம். கூட்டமே எழுந்து நின்றது. பக்கத்து கிராமத்திலிருந்து அவர் வரவழைத்த மூன்று பேர், மேடைக்குப் பின்னால் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக் காய்ச்சி இரண்டு மணி நேரம் அடித்தார்கள். முழுத் தொகையையும் அவரிடமே கொடுத்தோம், வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டார். விடிந்ததும் மூவரில் மூத்தவர் வந்து, "பஸ்ஸுக்காவது குடுங்க தோழர், அவரக் கேட்டா அப்புறம் பாக்கலாம்னுட்டாரு" என்றார். விரல் வெடித்து, பறை அடிக்கும் சிண்டுக்குச்சியில் ரத்தம் காய்ந்திருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அதிலிருந்து அழைப்புக் கடிதத்திலேயே ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி, மேடை ஏறும் முன் அவரவர் கையில் கொடுக்கிறோம். "எல்லாத்தையும் என்கிட்டயே குடுத்துடுங்க" என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

தவறு தெரிந்தால் ஊரெல்லாம் சொல்லும் முன் அவருக்கே போன் செய்யுங்கள். நாங்களும் செய்தோம், மூன்று முறை. பணம் வரவில்லை. மூவருக்கும் நாங்களே கொடுத்தோம், அவரை மறுபடி அழைக்கவில்லை. பாட்டை மட்டும் விடவில்லை. இப்போது அதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாடுகிறார்கள், அதே மூவர் பறை அடிக்கிறார்கள்.