எங்கள் புது சீசனுக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் ஒரு சமூக இசைக்குழுவை நடத்துகிறேன். வயலினில் ஒரு தாதி, செலோவில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை, ட்ரம்பெட்டில் தேசிய சேவை செய்யும் ஒரு பையன். வரும் சீசனில் பேத்தோவனின் ஏழாம் சிம்பொனியும் துவோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனியும் வாசிக்கப்போகிறோம். சிம்பொனி என்பது முழு இசைக்குழுவும் வாசிக்கும் நீண்ட படைப்பு; இவை இரண்டுக்கும் நான்கு பகுதிகள். இரண்டும் ஒரே சீசனில் அமைந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். “மேற்கத்திய இசை நமக்குப் புரியாதே” என்று தயங்குகிறவர்கள் கட்டாயம் வரவேண்டும்.

எல்லாக் கச்சேரிக்கும் டிக்கெட் எடுக்க வேண்டாம். ஒன்று போதும். அதில் வரும் பெரிய படைப்பின் ஒரே ஒரு பகுதியை மட்டும், எம்ஆர்டி ரயிலில் போகும்போது, ஒரு வாரம் கேளுங்கள். முழு சிம்பொனி 40 நிமிடம் ஓடும். அதை இப்போதே கேட்டு முடிக்க வேண்டியதில்லை.

பேத்தோவன் என்றால் இரண்டாம் பகுதி. “தா தக தா தா” என்று தொடையில் தட்டிப் பாருங்கள், அதுதான் அதன் உயிர். வயோலா, செலோ, டபுள் பாஸ் என்ற தந்தி வாத்தியங்கள் தாழ்ந்த குரலில் தொடங்கும். அதே தாளம் ஒவ்வொரு குழுவாக மேலே ஏறி, முழு இசைக்குழுவையும் பிடித்துக்கொள்ளும். 1813இல் வியன்னாவில் முதன்முதலாக வாசித்தபோது ரசிகர்கள் இந்தப் பகுதியைத் திரும்ப வாசிக்கவைத்தார்கள். ஒத்திகையில் எனக்கும் அப்படித்தான், நிறுத்த மனமே வருவதில்லை.

துவோர்ஷாக்கிலும் இரண்டாம் பகுதிதான். இங்கிலீஷ் ஹார்ன் என்ற ஊதுகருவி தனியாக ஒரு மெட்டு வாசிக்கும்: க ப ப, க ரி ஸ. மோகனம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ஐந்து சுரங்களும் உடனே பழகிவிடும். கமகம் இருக்காது, நேராக நிற்கும் சுரங்கள். அந்த நேர்மையில்தான் அழகு. பகுதியின் கடைசியில் சில தந்தி வாத்தியங்கள் மட்டும் மெட்டை எடுத்து, நடுவில் விட்டுவிட்டு நிற்கும். அந்த மௌனத்தையும் கேளுங்கள். அப்புறம், நான்காம் பகுதியில் சிம்பல் (பெரிய ஜால்ரா போன்ற தட்டு) ஒரே ஒரு முறை, அதுவும் மென்மையாக ஒலிக்கும். முழு சிம்பொனியிலும் அதற்கு அவ்வளவுதான் வேலை. வாசிப்பவரைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இருக்கை விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எஸ்பிளனேட் அரங்கில் மேடைக்குப் பின்னால் உள்ள இடங்கள் விற்பனைக்கு இருந்தால் அவற்றையே எடுங்கள். ஒலியின் சமநிலை கொஞ்சம் மாறும், பரவாயில்லை. கையசைத்து இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநரின் முகமும் கையும் நேராகத் தெரியும். யாரை எப்போது உள்ளே அழைக்கிறார் என்று பார்த்தாலே பாதி இசை விளங்கிவிடும். விக்டோரியா அரங்கம் சிறியது, எங்கே உட்கார்ந்தாலும் நன்றாகக் கேட்கும். ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கி கேவெனா பாலம் வழியாக நடந்து வரலாம்.

குளிரும், ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பல கச்சேரிகளில் உள்ளே விடமாட்டார்கள். அவர்களை சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு பூமலையில் (தாவரவியல் பூங்காவில்) நடத்தும் இலவசக் கச்சேரிக்குக் கூட்டிப்போங்கள், புல்லில் பாய் விரித்துக் கேட்கலாம்.

தொடங்குமுன் ஓபோ என்ற ஊதுகருவி ஒரு சுரம் பிடிக்கும், எல்லாரும் அதற்குச் சுருதி சேர்ப்பார்கள். அதற்குள் வந்து உட்கார்ந்துவிடுங்கள். பகுதிகளுக்கு இடையே கைதட்டும் வழக்கம் இல்லை; நான்கும் முடிந்து நடத்துநரின் கை இறங்கியதும் தட்டுங்கள். பிடித்திருந்தால் “சபாஷ்” என்று உரக்கவே சொல்லலாம்.