சுங்கத் துறைமுகம் அல்லாத இடத்தில் பார்ஜ்: அனுமதி கிடைத்த வழி

கடலூர் முதுநகரில் கப்பல் ஏஜென்சி வேலை பார்க்கிறேன். தெற்கே ஒரு கடலோரத் திட்டத்துக்காக, கனரக இயந்திரம் ஏற்றிய பார்ஜ் (தட்டையான அடியுள்ள சரக்குக் கலம்) ஒன்று வெளிநாட்டிலிருந்து நேராக வரவேண்டியிருந்தது. இறக்க வேண்டிய இடமோ சுங்கத் துறைமுக (வெளிநாட்டுச் சரக்கை இறக்க அரசு அறிவித்த துறைமுகம்) எல்லைக்கு வெளியே. மனு போகும், திரும்பி வரும். காரணம் தெளிவாக இருக்காது. ஒருவழியாக முடிந்ததில் பெரிய நிம்மதி.

முதலில் 1962 சுங்கச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் கேட்கச் சொன்னார்கள். அது துறைமுகத்துக்கு உள்ளே இறக்குமிடத்தை அங்கீகரிக்கும் பிரிவு, நமக்கு உதவாது. அப்புறம், சென்னையில் ஒருமுறை நின்றுவிட்டு வந்தால் போதும் என்றார் ஒரு நண்பர். அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவை வரிவரியாகப் படித்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல் சுங்கத் துறைமுகம் அல்லாத இடத்துக்குப் போகக்கூடாது என்கிறது அது. இந்தத் தடை முதல் வருகைக்கு மட்டுமல்ல. கொண்டுவந்த சரக்கு கப்பலில் இருக்கும்வரை அது தொடர்கிறது. பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் வரி இது. புயல், விபத்துக்கான விலக்கும் திட்டமிட்ட வருகைக்குப் பொருந்தாது.

வழியும் அதே பிரிவில்தான் இருந்தது. 2013 திருத்தத்துக்குப் பிறகு வாரியம் (மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம்) அனுமதி தரலாம். சுங்க ஆணையர் வழியாக வாரியத்துக்கு எழுதினோம். வெறும் ஊர்ப்பெயரை நம்பாமல் அட்சரேகை, தீர்க்கரேகை, வரைபடம், வரும் தேதி, சரக்கு விவரம் எல்லாம் வைத்தோம். கோப்பு நகர்ந்தது.

இன்னொன்று: வர அனுமதி கிடைத்தால் சரக்கை இறக்க அனுமதி கிடைத்ததாகாது. அதற்கு 33-ஆம் பிரிவின்படி உரிய அதிகாரியிடம் தனியாகக் கேட்கவேண்டும். 34-ஆம் பிரிவின்படி இறக்குவதும் அதிகாரி மேற்பார்வையில்தான். அந்த மனுவையும் முன்கூட்டியே கொடுத்திருந்ததால், பார்ஜ் வந்த அன்றே வேலை தொடங்கியது.