கேமரா பெட்டிக்குள் படிந்த பனி

கடலுக்கடியில் டைவ் அடித்து, பாறை இடுக்கில் ஓடில்லாக் கடல்நத்தையை மேக்ரோவில் (மிக அருகிலிருந்து) படமெடுக்கும் நேரம் பார்த்து ஹவுசிங் கண்ணாடி, அதாவது கேமராவைத் தண்ணீர் புகாமல் காக்கும் பெட்டியின் கண்ணாடி, மங்கும். இறங்கிய பதினைந்தாவது நிமிடம், உட்புறத்தில், சரியாக நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு வெண்படலம். மூன்று வார இறுதிகள் இதிலேயே போயின.

கசிவு என்று நினைத்து பெட்டியின் மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றினேன், சிலிக்கோன் கிரீஸ் தடவினேன். வெறும் பெட்டிக்குள் டிஷ்யூ தாளைப் போட்டு இறக்கினால் தாள் காய்ந்தே வந்தது. படலத்தைத் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பே இல்லை. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்தும் பலனில்லை. பார்த்தால் அதன் நீல மணிகள் எப்போதோ ஈரம் நிறைந்து இளஞ்சிவப்பாகிவிட்டன.

கவனிக்காமல் விட்டது ஒன்று: முதல் டைவில் மங்குவதில்லை, படகில் பேட்டரி மாற்றிய பிறகு இரண்டாவதில்தான். முதல் டைவுக்கு வீட்டு ஏசி அறையில் மூடுகிறேன். இரண்டாவதற்கு உள்ளே அடைப்பதோ சென்னைக் கடற்காற்று. 32 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் 28 டிகிரிக்குக் கீழே போனதுமே நீர் பிரியும். ஆழத்தில் கண்ணாடி அதைவிடக் குளிர்ச்சி.

இப்போது முந்தின இரவே ஏசியில், 24 டிகிரியில், பெட்டியை அரைமணி திறந்து வைத்து அங்கேயே மூடிவிடுகிறேன். சிலிக்காவை 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மீண்டும் நீலமாகிறது. படகில் பெட்டியைத் திறப்பதே இல்லை. வீடியோவை விட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்தால் ஒரே பேட்டரி இரண்டு டைவுக்கும் வருகிறது.